பெராக்சைடு ஆவி அடித்தும் ஸ்போர் சாகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வேலையில் பாதி நாள் கூடம் நிஜமாகவே கோணல்தான். அறையைக் கிருமிநீக்கம் செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி அடிக்கும் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் அறையைப் பாருங்கள் என்று புதிதாக வரும் தம்பிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. சிங்கப்பூரின் துவாஸில் மருந்து ஆலை, புவன விஸ்தா பக்கம் ஆய்வுக்கூடம் என்று இரவில் வேனில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அதிகாலை 2 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகள் ஏழெட்டுதான். அதே கேள்வி, வேறு வேறு அறை. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 35 சதவீதப் பெராக்சைடு திரவத்தைச் சூடான தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு ஆவியாக்கி அறைக்குள் ஊதுகிறோம். நான்கு கட்டங்கள்: காற்றை உலர்த்துவது, ஆவியை ஏற்றுவது, அந்த அளவிலேயே தங்கவைப்பது, கடைசியில் காற்றோட்டம். ஸ்போர் (பாக்டீரியா கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை) செத்ததா என்று பார்க்க, விரல் நகம் அளவுள்ள எஃகுத் தகட்டில் ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் 10 லட்சம் தடவி, ஆவி புகும் டைவெக் உறையில் போட்டு அறை முழுவதும் வைக்கிறோம். முடிந்ததும் தகட்டை ஊதா நிறத் திரவ ஊடகத்தில் போட்டு 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் 7 நாள் வரை வைத்துப் பார்ப்போம். ஊதாவாகவே இருந்தால் செத்தது. மஞ்சளானால் பிழைத்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். கீழே உள்ள எந்தச் சோதனைக்காகவும் ஆவி இருக்கும் அறைக்குள் தலையை நீட்டாதீர்கள். 8 மணி நேர வேலைக்கான வரம்பு 1 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 75 பிபிஎம் என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வகுத்திருக்கிறது. அறைக்குள் ஓடுவதோ பல நூறு பிபிஎம். மூக்கை நம்ப முடியாது, வாசனை தெரியாமலே அளவு தாண்டியிருக்கும். கையில் மீட்டர் வேண்டும், கதவுக்கு வெளியே இன்னொரு ஆள் வேண்டும்.

எல்லாமே பாஸ், ஆனால் கன்ட்ரோல் குழாயும் ஊதாவாகவே நிற்கிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாக் கோளாறும் கத்தும். இது சத்தமே போடாது. 20 தகடு வைத்தோம், 20ம் ஊதா, வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். ஆவியே படாத கன்ட்ரோல் தகட்டின் குழாயை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

முதலில், குழாய்களைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரின் வெப்பத்தைப் பாருங்கள். இந்தக் கிருமிக்குச் சூடுதான் பிடிக்கும். சாதாரண பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்துப் பழகிய கை, யோசிக்காமல் 37ஐ வைத்துவிடும். அந்தச் சூட்டில் நம்முடைய ஸ்போர் சோம்பிக் கிடக்கும், வளராது. முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஓர் இன்குபேட்டரில் முகப்பு 57 என்றது, கீழ்த்தட்டில் 49 இருந்தது.

அடுத்தது காலாவதித் தேதி. அதற்கடுத்தது சேமித்த விதம். ஸ்போர் தகட்டுப் பெட்டியைப் பெராக்சைடு குப்பிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூடி வழியாகக் கசியும் கொஞ்ச ஆவியே பெட்டிக்குள் வேலையைத் தொடங்கிவிடும்.

பொய்யான பாஸுக்கு இன்னொரு காரணம், கன்ட்ரோல் மஞ்சளானாலும் இது நடக்கும்: உறைக்குள் மிச்சமிருக்கும் பெராக்சைடு. ஆவி அடித்த கையோடு தகட்டை ஊடகத்தில் போட்டால் அந்த மிச்சமும் கூடவே போய் வளர்ச்சியைத் தடுக்கும். ஸ்போர் பிழைத்திருந்தாலும் குழாய் ஊதாவாகவே இருக்கும். உறைகளை நல்ல காற்றில் ஆறவிட்டு, பிறகு திறங்கள். ஏழு நாள் 57 டிகிரியில் இருக்கும் குழாய் வற்றியும் போகும். இன்குபேட்டருக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள்.

எல்லாத் தகடும் மஞ்சள்

இது பயமுறுத்தும், ஆனால் கண்டுபிடிக்கச் சுலபம். எல்லாமே பிழைத்தது என்றால் ஏதோ பெரிய விஷயம் தவறியிருக்கிறது. மூன்று இடம் பார்த்தால் போதும்.

குப்பியை எடை போட்டீர்களா? தொடங்கும்போது ஒரு எடை, முடிந்தபின் ஒரு எடை. திரையில் 900 கிராம் செலுத்தியதாகக் காட்டிவிட்டுக் குப்பியில் 200 கிராம்தான் குறைந்திருந்தால் பம்பிலோ குழாயிலோ காற்றுக் குமிழ். ஒரு சின்ன தராசு, இயந்திரத்தின் எல்லா அலாரத்தையும்விட நம்பகமானது.

எடை சரி என்றால் திரவத்தின் பலத்தைப் பாருங்கள். பெராக்சைடு நின்ற இடத்தில் தானே சிதையும். வெயிலில் நின்ற வேனின் பின்பக்கத்தில் இன்னும் வேகமாகச் சிதையும். கொஞ்சம் இரும்புத் துரு விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை வெளியே ஊற்றியதை மறுபடி குப்பிக்குள் ஊற்றாதீர்கள் என்பது அதனால்தான். காற்று வெளியேறும் மூடிக்குப் பதிலாக இறுக்கமான மூடி போட்டால் குப்பி உப்பி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. வேனில் நாள்கணக்கில் ஸ்டாக் வைக்காமல் இருக்கச் சிங்கப்பூரில் வேறொரு காரணமும் உண்டு: 20 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடு இங்கே வெடிபொருள் செய்யப் பயன்படக்கூடிய முன்பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. காவல்துறையின் உரிமமும் கணக்கும் இல்லாமல் வைத்திருக்க முடியாது.

மூன்றாவது, ஏசி. காற்றுக் குழாயை அடைக்கும் மடலான டாம்பர் மூடியதாகக் கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டும், மடல் பாதியில் சிக்கி நிற்கும். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் காற்றுத் துவாரத்தில் பிடித்துப் பாருங்கள். ஆடினால் மூடவில்லை. இதை ஆவி அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

தரை ஈரம், கண்ணாடியில் வியர்வை, ஒரு மூலையில் சாவு, ஒரு மூலையில் பிழைப்பு

சிங்கப்பூரில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 கிராம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மீதி இடம் 9 கிராம். நாம் கன மீட்டருக்கு 10 கிராம் திரவம் செலுத்தினால் அதில் ஆறரை கிராம் வெறும் தண்ணீர். மிச்சம் மூன்றரை கிராம்தான் பெராக்சைடு, அது சிதைந்தாலும் பெரும்பகுதி தண்ணீராகத்தான் ஆகும். ஆக, இடம் முடிந்துவிட்டது. காற்று தாங்காததைச் சுவரும் தரையும் வாங்கிக்கொள்ளும். அதே அறையை முதலில் 30 சதவீதத்துக்கு உலர்த்தியிருந்தால் உள்ளே இருப்பது 7 கிராம்தான். அதே அளவு செலுத்தினாலும் இடம் தாராளமாக இருக்கும்.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்துக்கு மேல். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும், விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். வாடிக்கையாளர் நமக்குத் தரும் நேரமோ இரவு 10 முதல் காலை 6 வரை! ஒரு நாளின் மிக ஈரமான மணி நேரங்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துத் தருகிறார்கள். ஆவி அடிக்க ஏசியை நிறுத்துகிறோம், உலர்த்திக்கொண்டிருந்த காற்றும் நிற்கிறது. கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்து ஈரம் மெல்ல உள்ளே வருகிறது. ஏசி நின்று அரை மணி நேரத்தில் ஈரப்பதம் 50இலிருந்து 65க்கு ஏறியதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன்.

அதனால் உலர்த்தும் கட்டத்தைச் சுருக்காதீர்கள். இயந்திரத்தோடு வரும் உலர்த்தி குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போதும், இங்கே பெரிய அறைக்குத் தனியாக ஒரு டீஹியுமிடிஃபையர் கொண்டுபோங்கள். அறை நடுவில் மட்டும் மீட்டர் வைக்காமல் குளிரான இடத்திலும் ஒன்று வையுங்கள். ஏசி காற்று நேராக அடித்த எஃகு மேசை, குளிர் அறையின் கதவு, சில்லென்ற தண்ணீர் ஓடும் குழாய், இங்கெல்லாம் ஆவி முதலில் நீராகப் படியும். படிகிற இடத்தில் ஸ்போர் சாகும். ஆனால் அங்கே படிந்ததெல்லாம் வேறு எங்கோ குறையும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃப்ரீசரின் பின்புறம், இன்குபேட்டரின் மேல்தட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், இவையெல்லாம் சூடு. ஆவி அங்கே ஒட்டவே ஒட்டாது. நல்ல ஆவி அடித்தும் ஒரே மூலையில் தகடு மஞ்சளாகிறது என்றால், அந்த மூலையில் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கதகதப்பாக இருக்கும். அணைக்கக்கூடிய சாதனத்தை முந்தைய நாளே அணைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கழுவும் தொட்டியில் தேங்கிய தண்ணீர், இப்போதுதான் மாப் போட்ட தரை இரண்டும் எதிரிகள். பெராக்சைடு தண்ணீரில் ஆசையாகக் கரையும். அந்தத் தேங்கலுக்கு அடியில் இருக்கும் ஸ்போருக்கு நாம் குடை பிடித்துக் கொடுத்த மாதிரி. சுத்தம் செய்வது அவசியம், அழுக்குக்கு அடியில் ஆவி போகாது. ஆனால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் இயந்திரத்தைத் தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு கதை. ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு) புகை அடித்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்த மூத்தவர் ஒருவரோடு சில வருடங்கள் வேலை பார்த்தேன். முதல் தடவை பெராக்சைடு இயந்திரத்தோடு வந்தபோது, அறை நடுவில் மின்சாரக் கெட்டிலை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டார்.

"அண்ணே, இதுக்கு ஈரம் வேண்டாம்ணே."

"புகை அடிக்க ஈரம் வேண்டாமா? யார்டா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

அவர் சொன்னது அவருடைய காலத்துக்குச் சரி. ஃபார்மால்டிஹைடுக்கு 70 சதவீதம் அளவுக்காவது ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்போரின் ஓட்டைத் துளைக்காது. குளோரின் டையாக்சைடும் அப்படித்தான். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் ஸ்போர் போட்ட கடிதங்கள் வந்த பிறகு ஹார்ட் செனட் அலுவலகக் கட்டடத்தில் குளோரின் டையாக்சைடு அடித்தபோது காற்றை ஈரமாக்கித்தான் அடித்தார்கள். பெராக்சைடு மட்டும் இதில் தலைகீழ். அன்று கெட்டிலின் புண்ணியத்தில் ஜன்னல் கண்ணாடியில் துளித்துளியாக இறங்கியதை இருவரும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு கோடாக, மழைநாள் பேருந்துக் கண்ணாடி மாதிரி. மறுநாள் அவர் கெட்டிலைக் கொண்டுவரவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

சில கம்பெனி இயந்திரங்கள் வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பெராக்சைடைப் படிய வைக்கும். சில, காய்ந்த ஆவியாகவே வைத்திருக்கும். எது சிறந்தது என்று விற்பனையாளர்கள் சண்டை போடட்டும். இரண்டும் கொல்லும். திட்டுத் திட்டாகப் படிவதுதான் கெடுதல்.

அளவு ஏறவே இல்லை

400 பிபிஎம் எதிர்பார்த்தோம், 150இல் நிற்கிறது. இன்னும் செலுத்தினாலும் நகரவில்லை. யாரோ குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெரிய குடிகாரர் அட்டைப்பெட்டி. கையுறைப் பெட்டிகள், டிஷ்யூ பெட்டிகள், குறிப்பேடுகள், பருத்தித் துணி. செல்லுலோஸ் பெராக்சைடை உறிஞ்சிச் சிதைக்கும். ஆய்வுக்கூட ஆட்கள் "எல்லாம் எடுத்துவிட்டோம்" என்பார்கள், அலமாரியைத் திறந்தால் உள்ளே 40 பெட்டி கையுறை இருக்கும். அடுத்து உலோகங்கள். செம்பு, பித்தளை, வெள்ளி, துருப்பிடித்த இரும்பு, இவை பெராக்சைடைத் தொட்டவுடன் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். பூச்சு இல்லாத சிமென்ட் சுவரும் அப்படித்தான்.

உறிஞ்சும் பொருள் எதுவும் இல்லை என்றால் கசிவு. ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்று லேசாகத் தூக்கி நிற்கும், கேபிள் நுழையும் ஓட்டை மூடாமல் இருக்கும். கதவுகளுக்கு எல்லோரும் டேப் ஒட்டுகிறார்கள், மேலே யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது சென்சார். உயர் அளவுச் சென்சார் ஈரத்தில் நனைந்து சோர்ந்துபோனால் குறைத்துக் காட்டும். ஆனால் ஸ்போர் தகடுகள் செத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் சென்சாரைக் குறை சொல்லுங்கள்.

ஒரே ஒரு தகடு மட்டும் மஞ்சள்

இங்கேதான் சண்டைகள் நடக்கும். வாடிக்கையாளர் அறையே தோல்வி என்பார், தகடு விற்றவர் அறையில் கோளாறு என்பார், நாம் தகட்டில் கோளாறு என்போம்.

முதலில் உறையைப் பாருங்கள். டைவெக் உறையின் ஒரு பக்கம் மூச்சுவிடும், மறுபக்கம் பல வகைகளில் பிளாஸ்டிக். மூச்சுவிடும் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே டேப் போட்ட உறைகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அந்தத் தகடு ஆவியைப் பார்த்தே இருக்காது.

உறை சரி என்றால் இடம். சூடான இடமா, மேசைக்கு அடியா, திறக்காத இழுப்பறையா? ஆவி என்றால் எல்லா இடத்துக்கும் போகும் என்று நினைக்கிறார்கள். ஊதினால் போகும், ஊதாவிட்டால் சோம்பேறித்தனமாகத்தான் போகும். இரண்டு சின்ன மின்விசிறிகளை ஒன்றையொன்று பார்க்காமல் வைத்தால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி போய்விடும்.

இடமும் சரி என்றால் தகடே மோசமானதாக இருக்கலாம். ஸ்போர்களைத் தகட்டில் தடவும்போது சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். மேலே உள்ளவை செத்துக் கீழே உள்ளவற்றைக் காப்பாற்றும். இந்தத் தொழிலில் அதை ரௌடித் தகடு என்போம். இதற்கு வழி, முக்கியமான ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்குப் பதிலாக மூன்று வைப்பது. மூன்றில் ஒன்று மஞ்சள் என்றால் அது ரௌடியாக இருக்க நல்ல வாய்ப்பு. மூன்றில் இரண்டோ மூன்றோ மஞ்சள் என்றால் அந்த இடமே கோளாறு, வாதாடாதீர்கள். ஆனால் இந்த மூன்று தகட்டு விதியை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு "இது ரௌடி" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

இதை எழுதும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்எச்ஆர்ஏவின் ஆய்வாளர்கள் 2018இல் இந்த முறையின் பலவீனத்தைப் பற்றியே தனியாக எழுதினார்கள். பெராக்சைடு ஆவி மேற்பரப்பைத்தான் தொடும், கொஞ்சம் அழுக்கு மூடினாலும் தோற்றுவிடும், இதை நீராவிக் கிருமிநீக்கத்துக்குச் சமமாக நினைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்த பிறகு பல மருந்து ஆலைகள் எங்களைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்த்தன. அவர்கள் சொன்னது சரிதான். செய்ய முடிந்ததற்கு மேல் செய்வோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

நிற அட்டை மாறிவிட்டது, ஸ்போர் சாகவில்லை

இரண்டும் ஒன்றல்ல. ஆவி பட்டால் நிறம் மாறும் அட்டை, ஆவி இங்கே வந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லாது. அட்டையை அறை வரைபடம் போலப் பயன்படுத்துங்கள்: எந்த மூலை கடைசியாக மாறியது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து, அடுத்த முறை அங்கே விசிறியைத் திருப்புங்கள். சான்றிதழில் அட்டையின் படத்தை ஒட்டாதீர்கள்.

காற்றோட்டம் முடியவே மாட்டேன் என்கிறது

காகிதக் கணக்கு அழகாக இருக்கும். 500 பிபிஎம்மிலிருந்து 1க்கு வர, அளவு ஒன்பது தடவை பாதியாக வேண்டும். மணிக்கு 10 முறை காற்று மாறும் அறையில் ஒரு தடவை பாதியாக நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். நிஜத்தில் முதல் அரை மணியில் சரசரவென இறங்கி, 3 அல்லது 4 பிபிஎம்மில் போய் உட்கார்ந்துகொள்ளும். மணி 5 ஆகும், மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

காரணம், காற்றில் இருந்தது போய்விட்டது, பொருள்களுக்குள் இருப்பது இப்போதுதான் வெளியே வருகிறது. பிவிசி திரை, நாற்காலியின் ஃபோம், சிலிக்கோன் குழாய், அக்ரிலிக் கவசம், காற்றின் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி எல்லாம் குடித்ததைத் திருப்பித் தருகின்றன. முன்பே அகற்றக்கூடிய ஃபோம் நாற்காலிகளை அகற்றியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். இப்போது அகற்ற முடியாது, யாரும் உள்ளே போகக் கூடாது. ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு அறையின் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள், சூட்டில் பொருள்கள் வேகமாக விடும்.

1க்குக் கீழே வந்ததும் கதவைத் திறந்துவிடாதீர்கள். காற்றோட்டத்தை 20 நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி அளவிடுங்கள். மறுபடி 2, 3 என்று ஏறினால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. மீட்டரை அறை நடுவில் மட்டும் காட்டாமல் இழுப்பறை, கிருமிகளைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டியின் உள்பக்கம், நாற்காலி மெத்தைக்கு அருகில் என்று நீட்டி அளவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. குறைந்த அளவுச் சென்சார்கள் பலவற்றுக்கு ஆல்கஹால் ஆவியும் பெராக்சைடு மாதிரி தெரியும். பக்கத்து அறையில் யாராவது ஐபிஏ என்ற ஆல்கஹாலைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால் 2 பிபிஎம் காட்டலாம். சந்தேகமென்றால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயால் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். ஆனால் சந்தேகம் தீரும்வரை கூடுதல் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பெயின்ட் உப்பியிருக்கிறது, கைப்பிடி வெளுத்திருக்கிறது

ஆவி நீராகப் படியும்போது முதல் துளி 35 சதவீதமாக இருக்காது, அதைவிடக் காரமாக இருக்கும். பெராக்சைடு தண்ணீரைவிட முந்திக்கொண்டு படியும். அந்தத் துளி நின்ற இடத்தில்தான் எப்பாக்ஸி பெயின்ட் கொப்பளிக்கும், சாயம் போகும். சரியாக உலராத புதுப் பெயின்ட் என்றால் இன்னும் மோசம். ஆக இதுவும் ஈரப்பதக் கதைதான், மேலே போய் மறுபடி படியுங்கள்.

கைகளும் அப்படியே. குழாயைக் கழற்றும்போது ஒரு சொட்டு விரலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடத்தில் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளையாகி ஊசி குத்துவது போல எரியும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஆள் சொல்லுங்கள். சிந்தியதைத் துணியாலோ அட்டையாலோ துடைத்துக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். சற்று நேரத்தில் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.

தீயணைப்பு அலாரம் அடிக்கிறது

ஒளியை வைத்து வேலை செய்யும் புகை உணர்வான்களுக்குப் புகைக்கும் நம்முடைய நுண்துளிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆவி காய்ந்திருக்கும்வரை பெரும்பாலும் பிரச்சினை வராது. படிய ஆரம்பித்தால் அடித்துவிடும். அந்தப் பகுதியின் உணர்வானை மட்டும் தனிமைப்படுத்த கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், அந்த நேரம் முழுவதும் தீக் கண்காணிப்புக்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டும். நீங்களாக உணர்வானுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுவது வேண்டாத வேலை.

ஒரு கட்டடத்தில் அனுமதிப் படிவத்தில் தளத்தின் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். நான்காம் தளத்தில் ஆவி, ஐந்தாம் தளத்தில் உணர்வான் அணைப்பு. அதிகாலை 3:20க்கு மொத்தக் கட்டடமும் கூவியது. இரவுப் பணியில் இருந்தவர்கள் கார் நிறுத்துமிடத்தில் போர்த்திக்கொண்டு நின்றார்கள். குடிமைத் தற்காப்புப் படை வண்டி வந்து, அதிகாரி கதவருகில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உள்ளே யாராவது இருக்கிறார்களா. இரண்டாவது கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது. இரண்டுக்கும் உடனே பதில் சொல்ல முடிந்தது, ஏனென்றால் கதவில் ஒட்டியிருந்த தாளில் ரசாயனத்தின் பெயர், அளவு, தொடங்கிய நேரம், என் கைப்பேசி எண் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. தளத்தின் எண்ணும் அதில் சரியாகவே இருந்தது. காவலாளி அங்கிள் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போதெல்லாம் படிவத்தை நிரப்பியதும் அந்தத் தாளை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.